வெண்கரு எழுதிய வரி

கேரளத்துக்குப் போன முட்டை வண்டி எல்லைச் சாவடியோடு திரும்பி வந்துவிட்டது. தை மாதத்துப் பனி மக்காச்சோளத் தட்டையில் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பண்ணை வாசலில் நின்ற லாரியின் தார்ப்பாயில் முந்தின நாள் போட்ட கட்டுகூட அவிழவில்லை. அந்தப் பக்கம் எங்கோ பறவைக் காய்ச்சலாம், இங்கிருந்து போன சரக்கால் வந்ததோ என்று சந்தேகமாம். தமிழ்நாட்டு முட்டை எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

மயில்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மோகனூர் சாலையில் முதன்முதலில் கோழிக்கூண்டு போட்ட சிலரில் அவரும் ஒருவர். தீவன விலை ஏறும், முட்டை விலை இறங்கும், கத்தரி வெயிலில் கோழி சுருண்டு விழும். எல்லாம் பார்த்தவர். ஏற்றிய வண்டி ஏற்றியபடி திரும்பி வந்ததைப் பார்த்தது அபூர்வம்.

"கேரளா போனாப் போவுது பெரீப்பா. சேலத்துலயும் நிறுத்தீட்டாங்க" என்றபடி லாரியிலிருந்து இறங்கினான் சின்னண்ணன். மயில்சாமியின் தம்பி மகன். இந்தப் பண்ணை முட்டையை வாங்கி ஊர் ஊராக அனுப்புகிற வியாபாரம் அவனுடையது. "காலேஜ் ஆஸ்டலு வார்டன் போன் போட்டு, முட்டையே வேண்டாம்னுட்டாரு. எதுக்குன்னு கேட்டா இதைய அனுப்பறாரு. பாருங்க."

மயில்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை எட்டப் பிடித்தார். இணையக் கலைக்களஞ்சியத்தின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, அதில் ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். சுற்றிலும் சிவப்புக் கோடு. 'மனிதருக்குத் தொற்றினால், அறிவிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துள்ளனர்.' அதற்குக் கீழே யாரோ, 'முட்டையைத் தொடாதீர்கள், எல்லோருக்கும் பகிருங்கள்' என்று சேர்த்திருந்தார்கள்.

"இதைய எழுதுனவன் கோழியக் கொழம்புல மட்டுந்தான் பாத்திருப்பான்" என்றார் மயில்சாமி. "ஆருடா அவன்?"

"அந்தப் பக்கத்துக்கே போய்ப் பாத்தேன், பேரு வெண்கருன்னு போட்டிருக்குதுங்க. நெசப் பேரா அது? எந்தூர்லயோ உக்காந்துட்டு நம்ம பொழப்புல வெளையாடறான்."

டீத் தம்ளர்களோடு வந்த தமிழினி லாரிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். மயில்சாமியின் மருமகள். அவர் மகன் நவநீதகிருஷ்ணனின் மனைவி. கையிலிருந்த தட்டைத் தீவன மூட்டைமேல் வைத்தாள். சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வெண்கரு யார் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

"நான்தானுங்க மாமா எழுதுனேன்" என்றாள்.

சின்னண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பும் நின்றது. தீவன மில்லிலிருந்து மாவு படிந்த தலையோடு வந்துகொண்டிருந்த நவநீதகிருஷ்ணன் கடைசி வார்த்தையை மட்டும் கேட்டான்.

"என்னத்த எழுதுன?"

*

தமிழினி நுண்ணுயிரியல் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் கூண்டு கூண்டாகச் செத்தன. அந்த நோயைப் பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது கலைக்களஞ்சியத்தில் மூன்றே வரி இருந்தது, அதிலும் ஒன்று தப்பு. அந்தத் தப்பைத் திருத்தினாள். அப்படி ஆரம்பித்தது. முட்டை எடுத்து, அட்டையில் அடுக்கி, சோறாக்கி எல்லாம் முடிந்த மத்தியானப் பொழுதுகளில் மடிக்கணினியைத் திறப்பாள். நெட்டில் என்னவோ எழுதுகிறாள் என்பது வரைக்கும் நவநீதகிருஷ்ணனுக்குத் தெரியும்.

அங்கே அவளைப்போலவே காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் பலர். சிலபேரோடு நல்ல பழக்கம் என்றாலும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. 'பனங்கூடல்' என்பவர் யாழ்ப்பாணத்து மருத்துவர். 'ஜங்சன்' என்ற பெயரில் எழுதுகிறவள் சேலத்துப் பெண். தமிழினி 'வைரஸ்' என்று எழுதியதையெல்லாம் ஜங்சன் 'தீநுண்மி' என்று மாற்ற, இருவரும் ஒரு வாரம் உரையாடல் பக்கத்தில் மல்லுக்கட்டினார்கள். கட்டுரைக்குப் பின்னால் எழுதுகிறவர்கள் கூடிப் பேசுவதற்கென்று இருக்கிற பக்கம் அது. முடிவில் கட்டுரையில் அது முதலில் வரும் இடத்தில் இரண்டு சொல்லையும் போடுவது என்று சமாதானம் ஆயிற்று. அதிலிருந்து ஒருத்தி எழுதினால் மற்றவள் சரிபார்க்காமல் விடுவதில்லை.

*

"ஒரு வரி. அதைய அழிச்சுட்டாத் தீந்துச்சு" என்றான் நவநீதகிருஷ்ணன். அரிசிம்பருப்புச் சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் கை வைக்கவில்லை.

"அழிக்க ரெண்டு செகண்டு போதுமுங்க. அழிஞ்சு இருக்காது. பாத்துட்டு இருக்கறவங்க திருப்பிப் போட்டுருவாங்க."

"பொய்யின்னு சொல்லு."

"பொய்யில்லீங்களே."

மயில்சாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நெசமா சாமி? பாதிப் பேரு செத்தது?"

"நெசந்தானுங்க மாமா."

"நெசத்தையெல்லாம் எழுதித்தான் ஆவோணுமா?"

நவநீதகிருஷ்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். "ஊருக்கெல்லாம் நெசஞ் சொல்லு. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு" என்றான். வண்டிச் சத்தம் மில்லை நோக்கிப் போனது. இத்தனை வருஷத்தில் சாப்பாட்டை விட்டு அவன் எழுந்து போனதில்லை.

அவள் இரண்டாவது ஷெட்டுக்குப் போய் முட்டை எடுக்க நின்றாள். கூண்டுகளின் நடுவே நடக்கும்போதுதான் அவளுக்கு எப்போதும் யோசனை ஓடும். கோழிகளின் கொக்கரிப்பு ஒரே இரைச்சலாகச் சேர்ந்து, பிறகு காதில் விழாமலே போய்விடும். அந்தக் கட்டுரையை மனசுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தாள். நோய்க்கிருமி, பரவும் விதம், அறிகுறி எல்லாம் இருந்தது. 'உணவு வழித் தொற்று' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை.

அது தெரியாமல் விட்டதில்லை. முட்டை விற்கிற வீட்டுக்காரி 'முட்டையால் ஆபத்தில்லை' என்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும் என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். வேறு யாராவது எழுதுவார்கள் என்று விட்டாள். யாரும் எழுதவில்லை. பயப்படுத்துகிற பாதி மட்டும் பக்கத்தில் நின்றது. அந்தப் பாதியைத்தான் எவனோ வெட்டி எடுத்திருக்கிறான். எழுதிய வரியில் தப்பில்லை. அதன் பக்கத்தில் வெறும் இடம் விட்டதுதான் தப்பு.

*

அவள் அடுத்த அடி வைப்பதற்குள் சின்னண்ணன் முந்திக்கொண்டான்.

கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அந்த வரியை அழித்துவிட்டு, 'பறவைக் காய்ச்சல் மனிதருக்கு வரவே வராது. நாமக்கல் முட்டையே சிறந்தது' என்று எழுதினான். டீ குடித்து முடிப்பதற்குள் ஜங்சன் அதை மாற்றிப் பழைய வரியைத் திரும்பப் போட்டாள். அவன் மறுபடி அழித்தான். அவள் மறுபடி போட்டாள். முடிவில் நிர்வாகி ஒருவர் வந்து, புதியவர்கள் யாரும் கைவைக்க முடியாதபடி பக்கத்தையே பூட்டிவிட்டார். யார் எதை அழித்தார்கள் என்பதெல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே பதிவாகும். அதையும் ஒருவன் படம் பிடித்தான். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் சுற்றியது: 'உண்மையை மறைக்கிறார்கள் நாமக்கல் பண்ணைக்காரர்கள்.'

மறுநாள் ஆத்தூர் கடைக்காரர்களும் முட்டை வேண்டாம் என்றார்கள்.

"நல்லதுக்குத்தானுங்க அண்ணி பண்ணுனேன்" என்று வந்து நின்றான் சின்னண்ணன். தலை தொங்கிக் கிடந்தது.

"அழிச்சதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லுல. நானே அழிச்சிருப்பனோ என்னமோ, நேத்து அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் தமிழினி. "ஆனா வரவே வராதுன்னு போட்டீங்க பாருங்க, அதுதான் கெடுத்துச்சு. ஒரு பொய்யக் கண்டுபுடிச்சாங்கன்னா பொறவு நாம சொல்ற நெசத்தையும் நம்பமாட்டாங்க."

அவள் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களின் குழுவில் கேட்டு ஜங்சனின் எண்ணை வாங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டாள். எதிர்முனையில் சரக்கு ரயில் ஒன்று போய் முடியும்வரை இருவருமே பேசவில்லை.

"சூரமங்கலத்துல, ஜங்சன் பக்கத்துலயே இருந்தா இதான் பிரச்சனை. சொல்லுங்க, யாரு?"

"வெண்கருங்க."

"அக்கா!" என்றது குரல். "நீங்க இவ்ளோ மெதுவாவா பேசுவீங்க? எழுத்துல அந்தச் சண்டை போடுறீங்களே!" அவள் பெயர் இர்பானா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தினமும் எழுதுவாளாம்.

"அந்த வரிய அழிச்சது எங்க ஊட்டு ஆளுங்க. என்ற ஊட்டுக்காரருக்குத் தம்பி மொறை. எங்களுது கோழிப்பண்ணை."

இர்பானா டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது. "இத்தனை வருசமா சொல்லவே இல்லையேக்கா."

"சொன்னா நான் எழுதறதையெல்லாம் சந்தேகப்படுவாங்கன்னு இருந்துட்டேன். இப்பச் சொல்லீர்றேன், எல்லாருக்கும். இனி அந்தக் கட்டுரைல நான் ஒரு வரி எழுதமாட்டேன். சான்று தேடிக் கொண்டாந்து உரையாடல் பக்கத்துல போடறேன். எடுக்கறதும் தள்றதும் நீங்க."

"உங்க வீட்டுக்குச் சாதகமா இல்லேன்னாலும் போடுவேன். பரவால்லையா?"

"அதுக்குத்தானுங்க உங்களக் கூப்பிட்டேன்."

அன்றைக்கே உரையாடல் பக்கத்தில் எழுதினாள்:

'என் பெயர் தமிழினி. நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவள். முட்டையைப் பற்றி நான் எழுதுவது முறையாகாது என்று இத்தனை நாள் ஒதுங்கியிருந்தேன். அதனால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. காலியாகக் கிடப்பதும் படிப்பவருக்குச் செய்யும் பிழைதான். வேறு யாராவது எழுதுங்கள். நான் தேடித் தருகிறேன்.'

அனுப்பிய பிறகு நெஞ்சுக்குள் இருந்த கல் ஒன்று நகர்ந்துவிட்டது போலிருந்தது.

*

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளை அவள் எடுத்துப் போட்டாள். பனங்கூடல் அவற்றை அலசி, பாதிப் பேர் என்பது எத்தனை பேரில் பாதி என்பதை எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க நோய் உறுதியானவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் நோயுற்ற பறவைகளோடு நெருங்கிப் பழகியவர்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வராமலே இருந்திருக்கலாம். நன்றாக வேகவைத்த முட்டையாலோ கறியாலோ நோய் பரவியதற்குச் சான்று இல்லை என்பதும் ஏறியது.

ஒரு இடத்தில் தமிழினியே சறுக்கினாள். பாதிப் பேர் என்ற வரியை முதல் பத்தியிலிருந்து கீழே இறக்கலாமே என்று கேட்டாள். இர்பானா உடனே போன் போட்டாள்.

"அக்கா, இது நீங்க பேசுறதா, உங்க பண்ணை பேசுறதா?"

தமிழினி முற்றத்தில் காய்ந்த மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டே நின்றாள். "பண்ணைதானுங்க" என்றாள்.

"அந்த வரி அங்கயேதான் இருக்கணும். ஆனா எத்தனை பேர்லன்னு அதே வரில சேந்து வரட்டும். இனிமே எவன் வெட்டுனாலும் சேத்துத்தான் வெட்டணும்."

அது இன்னும் நல்ல யோசனை என்று தமிழினிக்குத் தோன்றியது. அப்படியே ஆயிற்று.

கட்டுரையில் ஏறுவதை எல்லாம் வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டினாள். மறைத்து எழுதியதெல்லாம் போதும் என்றிருந்தது. மயில்சாமி முதலில் காது கொடுக்காதவர்போல இருந்தார். 'மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைக்க வேண்டும்' என்ற இடத்தில் திரும்பினார்.

"அப்ப ஆப்பாயிலு?"

"கூடாதுங்க மாமா. நோய் பரவற சமயத்துல கூடவே கூடாது."

"நாப்பது வருசமா ஆப்பாயிலுதான் திங்கறேன்."

"அது உங்க இஷ்டமுங்க. கட்டுரைல கூடாதுன்னுதான் வரும்."

"அட கெரகமே" என்று முனகினார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. தனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

நவநீதகிருஷ்ணனோடுதான் கடைசி மல்லுக்கட்டு. பண்ணைத் தொழிலாளர்களுக்கே தொற்று அபாயம் அதிகம், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், வெளியாட்களைப் பண்ணைக்குள் விடக்கூடாது என்று ஒரு பத்தி ஏறியிருந்தது.

"இது வேண்டாம் அம்மிணி" என்றான். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. "இதைய நம்ம ஆளுங்க படிச்சா நாளைக்கு ஷெட்டுக்கு ஆரு வருவா?"

தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சரிபார்த்துவிட்டு வந்த அத்தாயி வாசலில் நின்றிருந்தாள். பல வருஷமாக முதல் ஷெட்டு அவள் பொறுப்பு. "ஏனுங்க தம்பி, எழுதுனா வராம போயிருவமா? எழுதாம உட்டு எனக்கு ஒண்ணாச்சுன்னா மட்டும் நல்லாருக்குமா?" என்றாள். "பாப்பா படிச்சதைய நானுங் கேட்டேன். கையொறை கேட்டு மேக்காலப் பண்ணைல பொம்பளைங்க போன வருசமே வாங்கீட்டாங்க. இங்க கேக்கறதுக்குத்தான் எங்களுக்கு வாய் வரல."

நவநீதகிருஷ்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். திரும்பி வரும்போது பின்னால் இரண்டு பெரிய அட்டைப்பெட்டி கட்டியிருந்தது. ஒன்றைப் பிரித்து அத்தாயி கையில் ஒரு ஜோடி உறையைக் கொடுத்தான். "அளவு சரியா இருக்குதான்னு போட்டுப் பாருங்க" என்றான். பிறகு அடுப்படிக்கு வந்து, "சோறு இருக்குதா?" என்று கேட்டான்.

தமிழினி தட்டை எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

கால்நடைத் துறையினர் வந்து வட்டாரம் முழுக்க மாதிரி எடுத்துப் போனார்கள். மயில்சாமியே முன்னால் நின்று கோழிகளைப் பிடித்துக் கொடுத்தார். முடிவு வந்தது, எந்தப் பண்ணையிலும் நோய் இல்லை. எல்லையும் திறந்தது. ஆனால் அதற்கு முன்பே சேலத்து விடுதிக்கு முட்டை போய்விட்டது. அந்தக் கதையைச் சின்னண்ணன் தன் வாயாலேயே சொன்னான்.

"முழுக் கட்டுரையையும் வார்டன்கிட்டக் காட்டுனேனுங்க பெரீப்பா. மனுசன் படிக்கறாரு, படிக்கறாரு, பின்னால இருக்கற பேச்செல்லாம் தேடிப் படிக்கறாரு. எனக்கு வேர்த்துருச்சு, நான் பண்ணுன கூத்தும் அதுல இருக்குதே! கடைசில அண்ணி எழுதுனதுக்கு வந்தாரு. 'பண்ணைக்கார அம்மாவே, நான் எழுதமாட்டேன், நீங்க எழுதுங்கன்னு சொல்லியிருக்காங்களேப்பா'ன்னாரு. அப்பறம் சமையக்காரரக் கூப்பிட்டு, 'ஆப்பாயிலு வேண்டாம், அவிச்ச முட்டை மட்டும் போடு'ன்னுட்டாரு."

"ஆரு எழுதுனதுன்னு கேட்டாரா?" என்றார் மயில்சாமி.

"கேட்டாருங்க. எங்க அண்ணின்னேன்."

மயில்சாமி மருமகளைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "அந்த வெள்ளைக்கழிச்சல்னு ஒண்ணு எழுதுனியாமே, அதுல தடுப்பூசி போடற முறையெல்லாம் சரியாப் போட்டிருக்குதா சாமி? மத்தியானம் படிச்சுக் காட்டு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இர்பானா சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கட்டுரையில் இருந்த பண்ணைப் படம் ஏதோ வெளிநாட்டுப் படம். நம் ஊர்க் கூண்டுப் பண்ணை ஒன்றைப் படம் எடுத்துப் போடவேண்டும் என்பது அவள் ஆசை. கழுத்தில் கேமரா, கையில் பிரியாணிப் பாத்திரம். கேட்டுக்கு முன்னால் வந்து இறங்கினாள். அங்கே கிருமி உள்ளே வராமலிருக்கச் சுண்ணாம்புத் தூளால் தடிமனாகக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு உட்பக்கம் மயில்சாமி நின்றிருந்தார்.

"ஐயா, நான் இர்பானா. தமிழினி அக்காவப் பார்க்கணும்."

"தெரியுமுங்க. வாங்க வாங்க. ஆனா உள்ள உடறதுக்கில்லீங்க."

"நான்தாங்கய்யா அந்தக் கட்டுரைய..."

"அதுனாலதானுங்க. வெளியாளப் பண்ணைக்குள்ள உடக்கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

இர்பானா குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். சான்றோடு எழுதியவளே அவள்தான். ஷெட்டிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்த தமிழினி கேட்டுக்கு உள்ளே நின்றாள். இவள் அவளைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"கேமராவைக் குடுங்க. தொடச்சுட்டு நான் உள்ள போய்ப் படம் எடுத்துட்டு வாரேன்" என்றாள் தமிழினி.

"வெளிச்சம் பின்னால இருக்கிற மாதிரி எடுங்கக்கா. கூண்டு வரிசை முழுசா விழணும். படத்துக்குக் கீழ நம்ம ஊர் பேரும் வரணும்."

அதற்குள் மயில்சாமி வீட்டுப் பக்கம் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைக் கேட்டுக்கு உள்ளே, வேப்பநிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டார். இன்னொன்றைத் தலைக்கு மேலே உயர்த்தி, கேட்டைத் தாண்டி மெதுவாக வெளியே இறக்கி வைத்தார்.

"உக்கோருங்க சாமி" என்றார். "பேசறதுக்குத் தடையில்லீங்களே."